கையடக்கக் கருவிகளின் ஒலியும் சுருளின் வெப்பமும்

கைப்பேசியின் அடிவிளிம்பிலுள்ள நுண்துளைகளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும் ஒலிபெருக்கி, தனக்கு ஊட்டப்படும் மின்திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒலியாக மாற்றுவதே அரிது. மீதியெல்லாம் வெப்பமாக முடிகிறது. வீட்டுக் கூடங்களில் வைக்கப்படும் பெரிய ஒலிபெருக்கிகளிலும் இந்த விகிதம் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்குக் கீழேயே நிற்கிறது. திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் கட்டப்பட்டுவந்த கூம்பு ஒலிபெருக்கி மட்டும், தன் சிறு தகட்டின் அசைவைப் படிப்படியாக விரியும் குழாயின் வழியே வெளிக்காற்றோடு இணைப்பதால், பத்து சதவீதத்தையும் தாண்ட வல்லதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூம்புக்கு வேண்டிய இடம் சட்டைப்பையில் செல்லும் கருவியில் கிடையாது. ஆகையால் கையடக்கக் கருவியின் ஒலியை மேம்படுத்த வேண்டும் என்று எவர் பேசத் தொடங்கினாலும், அவர் தெரிந்தோ தெரியாமலோ வெப்பத்தைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்.

இவ்விரண்டுக்கும் இடையிலான உறவில் ஒரு சமமின்மை உண்டு. ஒலியளவைக் குறிக்கும் டெசிபெல் என்பது மடங்குகளைக் கூட்டல் எண்களாக மாற்றிக் காட்டும் அளவுகோல். அதன்படி மின்திறன் இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல் உயர்கிறது, பத்து மடங்கானால் 10 டெசிபெல் உயர்கிறது. மனிதச் செவியோ, ஓர் ஒலி முன்னிலும் இருமடங்கு உரத்துக் கேட்கிறது என்று உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் உயர்வைக் கேட்கிறது. 3 டெசிபெல் மாற்றம் கூர்ந்து கேட்பவருக்கே தெரிய வரும். சுருளில் ஏறும் வெப்பம் இப்படிப்பட்ட சலுகை எதையும் தருவதில்லை. திறன் எத்தனை மடங்கோ வெப்பமும் அத்தனை மடங்கு. இருமடங்கு உரப்பை விரும்பினால் பத்து மடங்கு வெப்பத்தை ஏற்க வேண்டியிருக்கிறது என்பது இதன் ஒரு முகம். 3 டெசிபெல்லை விட்டுக்கொடுத்தால் வெப்பம் பாதியாகக் குறைகிறது என்பது மறுமுகம். வாட்டைக் கூட்டிக்கொண்டே போவது சிறு கருவியில் ஒலிக்கு நன்மை செய்வதில்லை, செவிக்குப் பயன்படாத வாட்டைக் கண்டறிந்து நீக்குவதே நன்மை செய்கிறது என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பொருளை ஆவடிப் பகுதியிலுள்ள கோவில்பதாகையில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஆவடியில் 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் வாகன ஆராய்ச்சி நிலையமும், பாடியில் வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் செய்துவரும் லூகாஸ் டிவிஎஸ் ஆலையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், எனாமல் பூசிய செப்புக்கம்பியைச் சுற்றுவது, அது சூடேறினால் பூச்சு கருகுவது, கருகிய காயிலை மறுபடி கட்டுவது ஆகியவை தலைமுறைகளாகப் பழகிய வேலைகள். கைப்பேசியின் ஒலிபெருக்கியும் காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ஒரு சுருளே; மோட்டாரில் சுருள் சுழல்கிறது, இங்கே முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு, பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் ஸ்ரீபெரும்புதூர், 2006-இல் நோக்கியா ஆலை திறக்கப்பட்ட காலம் தொட்டு நாட்டின் கைப்பேசி உற்பத்தியில் முதன்மையான இடங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. கத்திரி வெயிலைப் பற்றி இவ்வூராருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பு நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கிய இயங்கு சுருள் அமைப்பே இன்றும் ஏறத்தாழ எல்லா ஒலிபெருக்கிகளிலும் இருக்கிறது. ஒரு நிலைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருள் ஒரு சவ்வோடு ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் தள்ளப்பட, சவ்வு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை எழுப்புகிறது. இதைச் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடக்க வழிசெய்தது 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியக் காந்தம். சிறிய உருவில் பெரிய காந்த வலிமையைத் தரும் இப்பொருளின் சாதாரண வகைகள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேலை செய்யத் தகுந்தவை அல்ல. அதைத் தாண்டிச் சூடேறினால் காந்தத்தன்மையில் ஒரு பகுதி ஆறிய பிறகும் திரும்பாமல் போகக்கூடும். சுருங்கிய வடிவத்தைத் தந்த பொருளே வெப்பத்துக்கு அஞ்சும் பொருளாகவும் அமைந்துவிட்டது.

சவ்வு தள்ளவேண்டிய காற்றின் அளவில்தான் முதல் தடை நிற்கிறது. கைப்பேசி ஒலிபெருக்கியின் இயங்கு பரப்பை ஒரு சதுர சென்டிமீட்டர் என்றும், சவ்வு ஓய்வுநிலையிலிருந்து ஒரு பக்கம் 0.4 மில்லிமீட்டர் வரை போகலாம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு ஆயிரம் முறை ஆடும்போது, ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 74 டெசிபெல் ஒலி கிடைக்கும். அது தெளிவான பேச்சைக் காட்டிலும் உரத்தது. அதே சவ்வு அதே தூரம் 500 ஹெர்ட்ஸில் ஆடினால் 62 டெசிபெல்தான் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸில் ஆடினால் 34 டெசிபெல். அது அமைதியான அறையின் சந்தடியிலேயே மறைந்துவிடும். அதிர்வெண் பாதியானால் அதே உரப்புக்கு நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும் என்ற விதியின் விளைவு இது. 100 ஹெர்ட்ஸிலும் 74 டெசிபெல் வேண்டுமென்றால் அச்சவ்வு 40 மில்லிமீட்டர் ஆட வேண்டியிருக்கும்; கைப்பேசியின் மொத்தத் தடிமனே 8 மில்லிமீட்டர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அரை வாட் திறனிலேயே நிறைவாக ஒலித்ததன் காரணமும் இதுதான்: அதில் இருந்த 10 சென்டிமீட்டர் காகிதக்கூம்பின் பரப்பு கைப்பேசிச் சவ்வைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு. அந்த ரேடியோவின் ஒலியை நினைத்து ஏங்குபவர் நினைவு மயக்கத்தால் ஏங்கவில்லை. பரப்பு என்ற ஒன்றை இழந்ததற்காகவே ஏங்குகிறார்.

சவ்வுக்கு முன்னால் மட்டுமன்றிப் பின்னாலும் காற்று இருக்கிறது. சவ்வின் பின்புறம் எழும் ஒலி முன்புற ஒலிக்கு நேரெதிர் நிலையில் இருப்பதால், இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத் தடுக்கப் பின்புறத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடைக்கிறார்கள். கைப்பேசியில் அப்பெட்டிக்குக் கிடைக்கும் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் அடைபட்ட காற்று இறுகிய வில்லாக மாறிச் சவ்வை எதிர்த்துத் தள்ளுவதால், சவ்வு எளிதாக ஆடும் அதிர்வெண், அதாவது ஒத்ததிர்வு எண், 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிவிடுகிறது. அதற்குக் கீழே ஒலி விரைந்து சரிகிறது. இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்ட வழி ஒன்று பொருளறிவின் அழகிய சாதனை. சியோலைட் எனப்படும் நுண்துளைக் கனிமத்தின் சிறு மணிகளை அந்தப் பெட்டிக்குள் நிரப்பினால், காற்று அழுத்தப்படும்போது அதன் மூலக்கூறுகள் மணிகளின் துளைகளுக்குள் படிந்து ஒதுங்குகின்றன; அழுத்தம் தளரும்போது வெளியே வருகின்றன. இதனால் பெட்டி தன் உண்மைக் கொள்ளளவைக் காட்டிலும் பெரியதைப் போல நடந்துகொள்கிறது, ஒத்ததிர்வு எண் இறங்குகிறது, தாழ்ந்த ஒலி கூடுகிறது. இதற்காக ஒரு மில்லிவாட்கூடக் கூடுதலாகச் செலவாவதில்லை. வெப்பத்தைக் கூட்டாமல் ஒலியைக் கூட்டும் வழிகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும். பெட்டியை வைக்காமல் கைப்பேசியின் உள்வெளி முழுவதையும் பின்னறையாகப் பயன்படுத்தும் வடிவங்களும் உண்டு; அவற்றில் கொள்ளளவு கூடினாலும் பின்மூடி கையில் அதிர்கிறது, மின்கலத்தின் சூடும் ஒலிபெருக்கியின் சூடும் ஒரே காற்றில் கலக்கின்றன.

இனிச் சுருளுக்கு வரலாம். அது தலைமயிரைப் போன்ற மெல்லிய கம்பியால், பசைப்பூச்சினாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி சுற்றப்படுகிறது. எடையைக் குறைக்கப் பல சமயம் செம்பு போர்த்திய அலுமினியக் கம்பியும் பயன்படுகிறது. இவ்வளவு சிறிய பொருளில் வெப்பத்தைத் தேக்கிவைக்க இடமில்லை; மின்னோட்டம் பாய்ந்த ஓரிரு நொடிகளில் சுருள் சூடேறிவிடும். அதைச் சூழ்ந்த காந்தமும் இரும்பும் நிமிடக்கணக்கில் மெல்லச் சூடேறும். சுருளிலிருந்து காந்தத்துக்கு வெப்பம் செல்லும் வழி ஒரு மெல்லிய காற்றிடைவெளி, காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. ஒரு வாட் தொடர்ந்து பாய்ந்தால் 60 டிகிரி உயரும் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பசையும் சவ்வும் தாங்கும் எல்லையை 105 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி சூழலில் அச்சுருளுக்கு 1.3 வாட் வரை ஊட்டலாம். கைப்பேசியின் உட்புறமே 55 டிகிரியில் இருந்தால், ஊட்டத்தக்கது 0.8 வாட்டுக்குச் சற்று மேல்தான். இவ்விரண்டுக்கும் இடையே ஒலியளவில் உள்ள வேறுபாடு வெறும் 2 டெசிபெல். செவி பொருட்படுத்தாத அந்த 2 டெசிபெல்லை விட்டுக்கொடுக்க மறுக்கும் கருவி, கோடையில் தன் சுருளையே பணயம் வைக்கிறது.

சூடேறிய சுருள் தானாகவும் ஒலியைக் குறைத்துக்கொள்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், 25 டிகிரியில் 8 ஓம் இருந்த சுருள் 105 டிகிரியில் ஏறத்தாழ 10.5 ஓம் ஆகிவிடும். அதே மின்னழுத்தத்தில் பாயும் திறன் முக்கால் பங்காகக் குறையும். ஒலியைக் கேட்பவர் இதை அறியாமல் அளவை இன்னும் ஒரு படி ஏற்றுகிறார். சுருள் இன்னும் சூடேறுகிறது. திறன் இறுக்கம் என்று ஒலியியலார் அழைக்கும் இந்தச் சுழற்சி பெரிய அரங்க ஒலிபெருக்கிகளில் நெடுங்காலமாக அறியப்பட்டதே. சிறிய சுருளில் அது நொடிகளுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்பதே புதிது.

வாட்டைக் கூட்டும் வழியின் எல்லையைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2000-களின் பிற்பகுதியில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைகள் வரை குவிந்த, 'சைனா செட்' என்று வழங்கப்பட்ட மலிவுக் கைப்பேசிகள், பின்புறத்தில் பல ஒலிபெருக்கிகளைத் தாங்கி, தெரு முழுதும் கேட்கும் சத்தத்தையே தம் முதன்மைச் சிறப்பாக விளம்பரப்படுத்தின. அவற்றின் உரப்பு உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஒத்ததிர்வு எண்ணை ஒட்டிய ஒரு சிறு அதிர்வெண் பட்டையில் ஒலி குவிந்ததாலேயே அந்த உரப்பு கிடைத்தது. பாட்டின் தாழ்ந்த பகுதி காணாமல் போயிற்று, மேற்பகுதி சிதறி இரைந்தது. அடையாள எண் இல்லாத கைப்பேசிகளுக்கு 2009 நவம்பர் இறுதியோடு இணைப்பைத் துண்டிக்குமாறு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டபோது அவற்றில் பெரும்பகுதி புழக்கத்திலிருந்து விலகியது. ஆனால் அவற்றை வாங்கியோர் கேட்ட கேள்வி நியாயமானது: பேருந்து நிறுத்தத்திலும் பட்டறையிலும் சமையற்கட்டிலும் கேட்கும்படியான ஒலி ஏன் ஒரு கைப்பேசியில் இருக்கக்கூடாது? அக்கேள்விக்கு முறையான விடை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது.

அந்த விடைக்கு அடித்தளம் பழையது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவர் வழியில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும், ஓர் ஒலிபெருக்கியின் நடத்தையைச் சில எண்களால் முழுமையாகக் குறித்துவிட முடியும் என்று காட்டினர். மின்முனைகளில் அளக்கும் அளவுகளிலிருந்தே சவ்வின் எடை, இறுக்கம், ஒத்ததிர்வு ஆகியவற்றைக் கணிக்க அது வழிவிட்டது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரைச் சேர்ந்த வோல்ஃப்காங் கிளிப்பெல், ஆட்டம் பெரிதாகும்போது அந்த எண்களே எப்படி மாறுகின்றன என்பதை அளக்கவும், அந்த மாற்றத்தால் எழும் சிதைவை முன்கூட்டியே ஈடுசெய்யவும் முறைகளை வகுத்தார். 2010-களின் தொடக்கத்தில் என்எக்ஸ்பி, மேக்சிம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சிரஸ் லாஜிக் முதலிய சில்லு நிறுவனங்கள் இந்த அறிவை ஒரு சிறு பெருக்கிச் சில்லுக்குள் அடக்கின. 'ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபயர்' என்று தொழிலில் வழங்குவது இதுவே.

பழைய பெருக்கி, ஒலிபெருக்கியின் நிலையை அறியாமல், எந்நாளும் எரியாதிருக்கும்படி ஒரு தாழ்ந்த எல்லையை வகுத்துக்கொண்டு, தாழ்ந்த அதிர்வெண்களை முற்றிலும் வெட்டிவிட்டு வேலை செய்தது. புதிய பெருக்கி, சுருளுக்குச் செல்லும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாது அளக்கிறது. செவிக்குக் கேளாத ஒரு மெல்லிய தாழ்ந்த குறிப்பொலியைப் பாட்டோடு சேர்த்து அனுப்பி, அதற்குச் சுருள் காட்டும் தடையைக் கணக்கிட்டால், மேலே கூறிய 0.39 சதவீத விதியின்படி சுருளின் வெப்பநிலை தெரிந்துவிடுகிறது. வெப்பமானி எதையும் உள்ளே வைக்கத் தேவையில்லை. ஒத்ததிர்வு எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்துச் சவ்வு எவ்வளவு ஆடும் என்பதையும் அது முன்னரே கணிக்கிறது. ஆகவே அரை வாட்டுக்கு என்று வகுக்கப்பட்ட ஒலிபெருக்கிக்குச் சில மில்லிநொடிகள் பல வாட்டுகளைக் கொடுத்து ஒரு தவில் அடியை அடியாகவே கேட்கச் செய்யவும், சுருள் எல்லையை நெருங்கும்போது செவி உணராத அளவில் மெல்லத் தாழ்த்திக்கொள்ளவும் அதனால் முடிகிறது. இசையின் சராசரித் திறன் அதன் உச்சத் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே என்பதால் இது இயலுகிறது: வெப்பம் சராசரியைப் பின்பற்றுகிறது, இசையின் உயிர்ப்போ உச்சங்களில் இருக்கிறது. ஒலியைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் பல இதற்கு நேரெதிராக நடந்துகொள்கின்றன. உச்சங்களை நறுக்கிச் சராசரியை உயர்த்துவதால் அவை உயிர்ப்பைக் கெடுத்து வெப்பத்தை வளர்க்கின்றன. அவற்றை நிறுவாதிருப்பதே நலம் என்று தயக்கமின்றிக் கூறலாம்.

சுருளைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. கருவி முழுவதற்கும் ஒரு வெப்பக் கணக்கு உண்டு. மனிதத் தோல் நெடுநேரம் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு 43 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது பன்னாட்டுத் தர நெறிகளில் உள்ள எல்லை. 16 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கைப்பேசியின் இரு முகங்களும் சேர்ந்து 240 சதுர சென்டிமீட்டர். அசையாக் காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட்டை வெளியேற்றும். இக்கணக்கின்படி 25 டிகிரி அறையில் அந்தக் கருவி 4.3 வாட் வெப்பத்தைக் கைக்குச் சுடாமல் வெளியேற்றிவிடும். 38 டிகிரி அறையில், அதாவது மே மாதப் பிற்பகலில் ஆவடியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடொன்றில், அது வெளியேற்ற முடிந்தது 1.2 வாட் மட்டுமே. திரையும் செயலியும் இணைப்பும் சேர்ந்து காணொளி ஒன்றை ஓட்டவே அதற்கு மேல் செலவாகும். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் வெப்பநிலையாக 0 முதல் 35 டிகிரி வரை என்றே குறிப்பிடுகிறது. சென்னையில் 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது; 40 டிகிரியைத் தொடும் நாட்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. கோடைக்கால நடைமுறையே வடிவமைப்பாளரின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதை இவ்வட்டாரத்தின் பயனர் எவரும் தம் குற்றமாகக் கருத வேண்டியதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து சில நடைமுறைச் செய்திகளும் கிடைக்கின்றன. மின்விசிறியின் காற்று படும்படி வைத்தாலே வெளியேறும் வெப்பம் இருமடங்கை நெருங்கும். பின்புறம் போடும் இரண்டு மில்லிமீட்டர் சிலிக்கோன் உறை, பரவலாக நம்பப்படும் அளவுக்குக் குற்றவாளி அல்ல; காற்றுக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள தடையோடு ஒப்பிட்டால் அது சேர்ப்பது பத்தில் ஒரு பங்கே. நேர் வெயில் முற்றிலும் வேறு: உச்சி வெயிலில் கருநிறக் கைப்பேசியின் ஒரு முகம் மட்டும் 10 வாட் அளவுக்கு வெப்பத்தை உள்வாங்கும், அதற்கு எதிரே எந்த வடிவமைப்பும் நிற்காது.

உள்ளே எழும் வெப்பத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவது வடிவமைப்பாளரின் பணி. செம்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 400 வாட் கடத்த, தளப்போக்கில் 1,500 வரை கடத்தவல்ல கிராஃபைட் தாள்கள் இப்போது கைப்பேசிகளில் விரிக்கப்படுகின்றன. தட்டையான நீராவி அறைகளும் பயன்படுகின்றன. ஆனால் இவையெல்லாம் செயலியைக் கருதியே விரிக்கப்படுகின்றன, ஒலிபெருக்கியின் பெட்டியோ பெரும்பாலும் வெப்பம் கடத்தாத பிளாஸ்டிக்கில் தனித்து விடப்படுகிறது. காந்தத்தின் பின்தகட்டை உலோகச் சட்டத்தோடு தொடும்படி அமைப்பதும், பெட்டியின் ஒரு சுவரை மெல்லிய உலோகத் தகடாக்குவதும் செலவு குறைந்த மாற்றங்கள். சுவர் மெலிவதால் பின்னறைக்கும் சிறிது இடம் கூடுகிறது. ஒலிக்கும் வெப்பத்துக்கும் ஒருசேர நன்மை தரும் மாற்றங்கள் மிகச் சிலவே என்பதால் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாட்டைச் செலவிடாமல் ஒலியைப் பெறும் இன்னொரு பெரும் வாயில் கேட்பவரின் செவியிலேயே இருக்கிறது. ஆண்குரலுக்கு ஒரு கட்டையில் சுருதி சேர்த்த தம்புராவின் சட்ஜமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், மந்தர சட்ஜமம் 65 ஹெர்ட்ஸ். மேலே காட்டிய கணக்கின்படி கைப்பேசிச் சவ்வு இவ்விரண்டையும் எழுப்ப இயலாது. ஆயினும் சுருதிப்பெட்டிச் செயலியைக் கைப்பேசியில் ஓடவிட்டுப் பாடப் பழகுவோர் சட்ஜமத்தைத் தவறாமல் கேட்கிறார்கள். அடிப்படை அதிர்வெண் இல்லாவிட்டாலும், அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு ஒலிகள் ஒழுங்காக வந்தால் செவி அந்த அடிப்படையைத் தானே உணர்ந்துகொள்கிறது. 1940-ஆம் ஆண்டை ஒட்டி ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்கௌட்டன் இதை விரிவாக ஆராய்ந்தார். தம்புராவின் பாலமும் அதன்மேல் வைக்கும் ஜீவநூலும் மேலொலிகளை எவ்வாறு செழிக்கச் செய்கின்றன என்பதை சி. வி. ராமன் 1920-களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டியிருந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் சோறு, ஒழுங்கற்ற மேலொலிகளை எழுப்பும் வெறும் தோலை எவ்வாறு ஒழுங்கான மடங்கொலிகளைத் தரும் தோலாக மாற்றுகிறது என்பதை அவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். இந்த இசைக்கருவிகள் கைப்பேசியிலும் அடையாளம் மாறாமல் ஒலிப்பதற்கு அவற்றின் மேலொலிச் செழுமையே காரணம். இதையே கருவியாகக் கொண்டு, எழுப்ப முடியாத தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டு அதற்குரிய மேலொலிகளை மட்டும் சேர்த்துத் தரும் ஒலிச்செயலாக்க முறைகள் இன்று உள்ளன. தாழ்ந்த ஒலிக்காக வீணே எரிந்த திறன் இதனால் மிச்சமாகிறது. எல்லை மீறினால் குரல் கரகரக்கும். தவிலின் தொப்பித் தலையும் மிருதங்கத்தின் இடந்தலையும் தரும் கும்காரம் இம்முறையில் ஓரளவே மீள்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சுக்கு இந்தக் கருத்து இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. தமிழில் ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்தறியச் செவி பெரிதும் நம்புவது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒத்ததிர்வுகளின் நகர்வை; நாவை மடித்து ஒலிக்கும்போது அவற்றுள் மூன்றாவது கீழிறங்குகிறது. 900 ஹெர்ட்ஸ் அருகே மேடிட்டு இரையும் ஒலிபெருக்கி அந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. அம்மேட்டைச் சில டெசிபெல் தாழ்த்தி மேற்பகுதியைச் சிறிது உயர்த்தினால், அளவுமானியில் ஒலி குறைந்திருக்க, கேட்பவருக்குச் சொற்கள் தெளிவாகின்றன, சுருளும் குளிர்கிறது. இரைச்சல் மிகுந்த இடத்தில் முதியவர் ஒருவர் தொலைபேசிச் செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு இந்தத் திருத்தம் எந்த வாட்டையும்விட அதிகம் உதவும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது பல்லாயிரவர் பிழைப்பு முறிந்தது. பின்னர் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைத் தொகுக்கத் தொடங்கியது, நோக்கியா ஆலை வளாகத்தை மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் வாங்கியது. ஆனால் சுருளின் வெப்ப எல்லையையும் ஒலியின் வளைகோட்டையும் வகுப்பவர்கள் பெரும்பாலும் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். இங்கே அந்த எண்கள் வந்து சேர்கின்றன, பொருத்தப்படுகின்றன. பாலைவன வெயிலில் ஓடும் டாங்கிக்குக் குளிர்விப்பு வகுத்த ஆவடிக்கும், எஞ்சின் அருகே வேகும் ஆல்டர்னேட்டர் சுருளைக் காக்கக் கற்ற பாடிக்கும், 40 டிகிரி அறையில் ஒரு கைப்பேசி ஒலிபெருக்கியைச் சோதித்து அதற்குரிய எல்லைகளை வகுப்பது இயலாத காரியம் அல்ல. அத்தகைய எல்லைகள் ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபயரில் வெறும் எண்களாகவே பதிக்கப்படுவதால், மென்பொருள் புதுப்பிப்பின் வழியே கோடைக்கு ஒன்றும் மழைக்காலத்துக்கு ஒன்றுமாகக்கூட மாற்றித் தரலாம்.

பழுதுநீக்கும் கடைகளில் 'ரிங்கர்' என்று வழங்கும் இந்த ஒலிபெருக்கி மாற்றப்படும்போது, உறுப்பின் தரத்தைப் போலவே பெட்டியைச் சுற்றிய மெல்லிய ரப்பர் அல்லது நுரை வளையமும் முக்கியமானது. அது விடுபட்டாலோ கிழிந்தாலோ முன்பின் ஒலிகள் கலந்து தாழ்ந்த ஒலி மறையும், காற்று வில்லின் தாங்கல் இழந்த சவ்வு அளவுக்கு மீறி ஆடும், பயனர் அளவை ஏற்றுவார், சுருள் கருகும். வலைத்திரையில் தூசு அடைத்திருந்தாலும் முடிவு இதுவே. பல சமயம் புது ரிங்கருக்குப் பதிலாக மென்மையான தூரிகை ஒன்றே போதும். சுருளின் வெப்பத்தை அறிய விரும்பும் தொழிலாளர் தம் மேசையிலுள்ள மல்டிமீட்டரைக் கொண்டே அறியலாம்: கழற்றிய ரிங்கரைக் குளிர்ந்த நிலையில் அளந்து குறித்துக்கொண்டு, வழக்கமான பாட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய மறு நொடியே மீண்டும் அளக்க வேண்டும்; இரு அளவுகளிலிருந்தும் மீட்டர்க் கம்பிகளின் தடையைக் கழித்துக்கொள்வது அவசியம். 7.0 ஓம் 8.1 ஓம் ஆகியிருந்தால் உயர்வு 15.7 சதவீதம்; அதை 0.39-ஆல் வகுத்தால் 40 டிகிரி. பட்டறை 35 டிகிரியில் இருந்தால் சுருள் 75 டிகிரியில் இருந்திருக்கிறது. அளப்பதில் ஓரிரு நொடிகள் தாமதித்தாலும் சுருள் ஆறிவிடும் என்பதால், மீட்டரின் முனைகளை முன்கூட்டியே ரிங்கரில் பற்றவைத்திருப்பதும், பாட்டை நிறுத்தி மீட்டருக்கு மாற்ற ஒரு சுவிட்சை இடையில் வைத்திருப்பதும் நல்லது.